எம்.சி.ஜி.யில் ஜிம் ஸ்டைன்ஸைத் தேடி: சிலைப் பாதை, மைதானச் சுற்றுலா, அருங்காட்சியகம் – ஒரு மதிப்பீடு

மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தைச் சுற்றிப் பார்க்கச் செல்லும் நம்மவர்களில் பெரும்பாலோர் டிசம்பர் டெஸ்ட் போட்டிகளின் நினைவோடு செல்கிறார்கள். ஷேன் வார்னின் சிலையருகே நின்று படம் எடுத்துக்கொண்டு, இருக்கைகளின் எண்ணிக்கையைக் கேட்டு வியந்துவிட்டுத் திரும்புகிறார்கள். மார்ச் முதல் செப்டம்பர் வரை அந்த மைதானம் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் வசத்தில் இருக்கிறது என்பதும், அந்த நகரத்து மக்கள் எம்.சி.ஜி. என்றதும் முதலில் நினைப்பது கிரிக்கெட் மட்டையை அன்று, கூர்முனை கொண்ட சிவப்புத் தோல் பந்தையே என்பதும் பலருக்குப் பிடிபடுவதில்லை. ஆகவே வெளியிலுள்ள சிலைப் பாதை, காசு கொடுத்துச் செல்லும் மைதானச் சுற்றுலா, மூன்றாம் வாசலருகே இருக்கும் ஆஸ்திரேலிய விளையாட்டு அருங்காட்சியகம் ஆகிய மூன்றையும் ஒரே ஒரு கால்பந்து வீரரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளும் வழியாக எடுத்துக்கொண்டு எடைபோட்டிருக்கிறேன். அந்த வீரர் ஜிம் ஸ்டைன்ஸ். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இம்மூன்றிலும் கட்டணமே இல்லாத சிலைப் பாதைதான் அவரை நன்றாக அறிமுகப்படுத்துகிறது. சுற்றுலா அதற்கு அடுத்த இடத்தில் வருகிறது. அருங்காட்சியகம் மிகச் சிறந்தது என்றாலும், இந்த ஒரு மனிதரைப் பொறுத்தவரை அது துணைக்கு மட்டுமே உதவுகிறது.

ஜாலிமாண்ட் ரயில் நிலையத்தில் இறங்கி யாரா பூங்காவின் வழியே மைதானத்தை நோக்கி நடந்தால், வரிசையாக வெண்கலச் சிலைகள் நிற்கும் பாதை வருகிறது. வார்னுக்கு 2011-இல் வைத்த சிலையோடு தொடங்கிய இந்த வரிசையில் நார்ம் ஸ்மித்தும் ஜான் கோல்மனும் நீல் ஹார்வியும் அடுத்தடுத்துச் சேர்ந்தார்கள். ஸ்டைன்ஸின் சிலை 2014-இல் வந்தது. இவை தவிர, மைதானத்தின் சுற்றுவட்டத்தில் சற்று முன்னரே நிறுவப்பட்ட பத்துச் சிலைகள் தனியாக இருக்கின்றன. பிராட்மனும் ஓட்ட வீராங்கனை பெட்டி கத்பர்ட்டும் நிற்கும் அந்த வரிசையில்தான் ரான் பராஸியும் இருக்கிறார். எவ்வித அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் இல்லாமல் எந்த நாளிலும் பார்க்கலாம் என்பது இதன் முதல் நன்மை. இரண்டாவது நன்மை, நாமே வரிசையை அமைத்துக்கொள்ளலாம் என்பது. நான் பரிந்துரைக்கும் வரிசை இது: முதலில் நார்ம் ஸ்மித், பிறகு பராஸி, கடைசியில் ஸ்டைன்ஸ்.

ஏன் இந்த வரிசை என்றால், இம்மூவரும் ஒரே கழகத்தின், அதாவது மெல்பர்ன் கால்பந்துக் கழகத்தின், மூன்று தலைமுறையினர். நார்ம் ஸ்மித் பயிற்சியாளராக இருந்து அந்தக் கழகத்துக்கு ஆறு கோப்பைகளை வாங்கித் தந்தவர். கடைசிக் கோப்பை 1964-இல் வந்தது. மறு ஆண்டே கழகம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அதன் பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கோப்பை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இது ஸ்மித்தின் சாபம் என்று ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகப் புலம்பியதுண்டு. ரான் பராஸியின் தந்தையும் மெல்பர்ன் வீரர்; இரண்டாம் உலகப் போரில் டோப்ருக்கில் 1941-இல் உயிரிழந்தவர். தந்தையை இழந்த அந்தப் பையன் ஸ்மித்தின் வீட்டில் தங்கி வளர்ந்து, அவரிடமே ஆட்டம் பயின்று, ஆறு கோப்பை வென்ற அணிகளில் ஆடினான். பிறகு 1981 முதல் 1985 வரை அதே கழகத்துக்குப் பயிற்சியாளராகத் திரும்பினார். உள்ளூர்த் திறமை போதாது என்று கண்டு, அயர்லாந்திலிருந்து இளைஞர்களைக் கொண்டுவந்து பழக்கலாம் என்ற துணிச்சலான முயற்சி நடந்தது அவருடைய காலத்தில்தான். அந்த முயற்சியின் விளைவாக வந்தவரே ஸ்டைன்ஸ். இப்படி ஒருவர் கையைப் பிடித்து இன்னொருவர் வந்த கதையைச் சிலைகளின் அடியிலுள்ள பலகைகள் தனித்தனியாகத்தான் சொல்கின்றன. இணைத்துப் பார்ப்பது பார்வையாளரின் வேலை. முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் அரை மணி நேர நடையில் ஒரு கழகத்தின் அரை நூற்றாண்டு விளங்கிவிடும்.

டப்ளினில் 1966-இல் பிறந்த ஸ்டைன்ஸ், 1984-இல் இளையோருக்கான அயர்லாந்துக் கேலிக் கால்பந்துப் பட்டத்தை வென்ற டப்ளின் அணியில் இருந்தவர். மெல்பர்ன் கழகம் வெளியிட்ட விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்துத் தேர்வானபோது அவருக்கு வயது 18. கேலிக் கால்பந்துக்கும் ஆஸ்திரேலிய ஆட்டத்துக்கும் உயரத் தாவிப் பந்தைப் பிடிப்பதும், கையால் குத்தியும் காலால் உதைத்தும் கூட்டாளிக்கு அனுப்புவதும் பொதுவானவை. ஆனால் கேலிக் ஆட்டத்தின் பந்து உருண்டையானது. இங்கே பந்து இருபுறமும் கூம்பியது. பந்தோடு ஓடும் ஆட்டக்காரர் பதினைந்து மீட்டருக்கு ஒருமுறை அதைத் தரையில் தட்டி எடுக்க வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் விதி. கூம்பிய பந்து எந்தக் கோணத்தில் எழும்பும் என்பது பிறந்ததிலிருந்து அதோடு விளையாடியவர்களுக்கே முழுதாகக் கைவந்ததில்லை. 1986-இல் பிரஹ்ரான் என்ற கீழ்நிலைக் கழகத்துக்கு ஆட அனுப்பப்பட்டு, அங்கே தேறி, 1987-இல்தான் அவர் மெல்பர்னின் முதல் அணிக்குள் வந்தார்.

இனி மைதானச் சுற்றுலாவுக்கு வருகிறேன். போட்டி இல்லாத நாட்களில் மூன்றாம் வாசலிலிருந்து புறப்படும் இந்தச் சுற்றுலா ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் நடக்கிறது. உறுப்பினர்களுக்கென்றே உள்ள லாங் ரூம், வீரர்களின் உடைமாற்றும் அறைகள், புல்வெளியின் விளிம்பு ஆகியவை இதில் அடங்கும். அழைத்துச் செல்பவர்கள் இந்த மைதானத்தோடு பழகிய தன்னார்வலர்கள். கேட்டால் அலுக்காமல் பதில் சொல்கிறார்கள், சில சமயம் கேட்காமலும் சொல்கிறார்கள். கிரிக்கெட் தெரிந்த நம்மவர்கள் சூழ்ந்துகொண்டால் பேச்சு தானாகவே கிரிக்கெட்டின் பக்கம் சாய்ந்துவிடும் என்பதால், கால்பந்தைப் பற்றித் தெரிய வேண்டும் என்று தொடக்கத்திலேயே வாய்விட்டுக் கேட்பது நல்லது. எல்லைக்கோட்டருகே நிற்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ரக்மேன் எங்கே நிற்பார்?

அதுதான் ஸ்டைன்ஸின் இடம். அவர் காலத்தில் ஆட்டத்தின் தொடக்கத்திலும் ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவர் மைதானத்தின் மையத்தில் பந்தைத் தரையில் ஓங்கி அறைவார். அது மேலெழும்பும்போது இரு அணிகளின் உயரமானவர்களும் ஓடிவந்து எம்பி, முழங்காலும் இடுப்பும் மோத, தத்தம் கூட்டாளியின் கைக்கு அதைத் தட்டிவிட முயல்வார்கள். இந்தப் பணியைச் செய்பவரே ரக்மேன். அந்த நாட்களில் ரக்மேன் என்றால் பாரமான உடம்போடு மோதுபவர், மோதி முடித்ததும் மெல்ல நடந்து அடுத்த இடத்துக்குப் போய்ச் சேருபவர் என்ற எண்ணம் இருந்தது. ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரம் இருந்த ஸ்டைன்ஸ், பந்தைத் தட்டிவிட்ட கையோடு நடுக்கள வீரரைப் போல ஓடிக்கொண்டே இருந்தார். அயர்லாந்தில் பழகிய ஓட்டம் இங்கே அவருக்குக் கைகொடுத்தது. புல்வெளியின் விளிம்பில் நின்று எதிர்ப்பக்கக் கோல் கம்பங்களைப் பார்க்கும்போதுதான், ஒரு மனிதர் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அந்தத் தூரத்தை மாறி மாறிக் கடப்பதன் பொருள் உறைக்கிறது. தொலைக்காட்சியில் இது தெரிவதே இல்லை. சுற்றுலாவுக்குக் கொடுக்கும் பணத்துக்கு இந்த ஒரு காட்சி போதும் என்பது என் கருத்து.

ஆனால் அவருடைய வாழ்க்கையில் மிகவும் பேசப்பட்ட நிகழ்ச்சி இந்த மைதானத்தில் நடந்ததன்று. அதனால் சுற்றுலாவில் அதற்கு இடமும் இல்லை. 1987 செப்டம்பரில், நகரின் தென்கிழக்கே வேவர்லியில் இருந்த மைதானத்தில், ஹாதார்ன் அணிக்கு எதிரான அரையிறுதிக்கு நிகரான ஆட்டம். மெல்பர்ன் கழகம் 1964-க்குப் பிறகு இறுதிச் சுற்று ஆட்டங்களை எட்டியதே அந்த ஆண்டில்தான். ஆட்டம் முடியும் தறுவாயில் மெல்பர்ன் நான்கு புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. ஹாதார்னின் கேரி பக்கனாராவுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைக்க, ஆட்டம் முடிந்ததற்கான ஒலியும் எழுந்துவிட்டது. அந்த ஓர் உதை மட்டுமே மிச்சம். அவர் நின்ற தொலைவிலிருந்து கோல் அடிப்பது எளிதன்று. அப்போது தாம் கவனிக்க வேண்டிய எதிரணி வீரரைத் தேடி ஓடிய ஸ்டைன்ஸ், உதைப்பவருக்கும், அவருக்கு எதிரே ஃப்ரீ கிக் கிடைத்த இடத்தில் தடுத்து நின்ற மெல்பர்ன் வீரருக்கும் இடையே குறுக்காக ஓடிவிட்டார். விதிப்படி அது குற்றம். நடுவர் பதினைந்து மீட்டர் தண்டனை கொடுக்க, பக்கனாரா முன்னால் வந்து உதைத்தார். பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. கோலுக்கு ஆறு புள்ளிகள். மெல்பர்ன் இரண்டு புள்ளிகளில் தோற்றது. பதினைந்து ஆண்டுகள் அந்தக் கழகத்துக்காக ஆடி, ஒருமுறைகூட இறுதிப் போட்டியைக் காணாத அணித்தலைவர் ராபி ஃபிளவருக்கு அதுவே கடைசி ஆட்டமாகிவிட்டது. உடைமாற்றும் அறையில் பயிற்சியாளர் ஜான் நார்த்தி, 21 வயது ஸ்டைன்ஸின் முகத்துக்கு நேரே விரல் நீட்டிக் கடிந்துகொண்ட காட்சி தொலைக்காட்சியில் பதிவாகி, இன்றுவரை ஒளிபரப்பாகிறது.

அந்த வேவர்லி மைதானத்தைச் சுற்றி இப்போது குடியிருப்புகள் வந்துவிட்டன. பார்வையாளர் மாடத்தின் ஒரு பகுதி மட்டும் நிற்கிறது. மல்கிரேவ், கிளென் வேவர்லி பக்கம் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலருக்கு அது நெடுஞ்சாலையிலிருந்து தெரியும் ஏதோ ஒரு பழைய கட்டடம். காரைத் திருப்பிக்கொண்டு ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். எம்.சி.ஜி. சுற்றுலாவின் உடைமாற்றும் அறையில் நிற்கும்போது வேவர்லியின் கதையை நினைத்துக்கொள்வது தவிர வேறு வழியில்லை. அப்படி ஓர் அறையில், தோற்ற பிறகு, எல்லோர் கண்முன்னும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது எப்படி இருந்திருக்கும் என்பதை அந்த அறையின் அளவே சொல்லிவிடுகிறது. அது நான் எண்ணியிருந்ததைவிடப் பெரியது. ஒளிந்துகொள்ள ஒரு மூலைகூட இல்லை.

அதன் பிறகு அவர் செய்ததுதான் அவரை இந்தச் சிலை வரிசைக்குக் கொண்டுவந்தது. காயம், தண்டனை, ஓய்வு என்று எந்தக் காரணத்துக்காகவும் விடாமல், 1987 முதல் 1998 வரை தொடர்ச்சியாக 244 ஆட்டங்களில் ஆடினார். ரிச்மண்டின் ஜாக் டைட்டஸ் ஏற்படுத்தி வைத்திருந்த முந்தைய சாதனை 202. எம்பும்போதெல்லாம் எதிரியின் முழங்கால் வந்து இடிக்கும் இடத்தில் ஆடிக்கொண்டு ஒருவர் பதினோரு பருவங்கள் விடுப்பே எடுக்காமல் இருந்தது, என் பார்வையில், அவர் வென்ற பதக்கங்களையெல்லாம் விடப் பெரிது. பதக்கங்களுக்கும் குறைவில்லை. 1991-இல் நடுவர்கள் அளித்த 25 வாக்குகளோடு, பருவத்தின் சிறந்த, நேர்மையான ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கத்தைப் பெற்றார். வேறொரு நாட்டில் வளர்ந்து, வயது வந்த பிறகு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு அந்தப் பதக்கத்தை வென்றவர் அவர் ஒருவரே. கழகத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது நான்கு முறை கிடைத்தது. அவற்றில் மூன்று 1995 முதல் 1997 வரை அடுத்தடுத்து, முப்பது வயதை ஒட்டிய காலத்தில் வந்தவை. கோப்பை மட்டும் கிடைக்கவில்லை. 1988 இறுதிப் போட்டியில், இதே எம்.சி.ஜி.யில், அதே ஹாதார்னிடம் 96 புள்ளிகளில் தோற்றதே அவர் கண்ட ஒரே இறுதிப் போட்டி. 1998 பருவத்தோடு 264 ஆட்டங்கள் ஆடி ஓய்வு பெற்றார். அயர்லாந்தைச் சேர்ந்தவர்களில் அந்த எண்ணிக்கையை ஸாக் டூயி பல ஆண்டுகளுக்குப் பின்னரே கடந்தார்.

அருங்காட்சியகத்தில் இதில் எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பார்க்கலாம். 2020-இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட அந்த இடம், பொதுவாக விளையாட்டில் ஆர்வமுள்ள எவருக்கும் அரை நாள் கொள்ளும். சிட்னி ஒலிம்பிக்கில் கேத்தி ஃப்ரீமன் அணிந்து ஓடிய உடையும், 1859-இல் நான்கைந்து பேர் ஒரு விடுதியில் கூடி எழுதிய ஆஸ்திரேலியக் கால்பந்தின் முதல் விதிகளும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. குழந்தைகளோடு செல்பவர்கள், அவர்களே பந்தை உதைத்தும் எறிந்தும் பார்க்கும் பகுதியிலிருந்து அவர்களை வெளியே இழுத்து வருவதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். கால்பந்துப் பகுதியில் ஆஸ்திரேலியக் கால்பந்தின் புகழ் மண்டபமும் இருக்கிறது. ஸ்டைன்ஸ் 2003-இல் அதில் சேர்க்கப்பட்டவர். ஆயினும் அருங்காட்சியகம் என்பது பொருள்களால் பேசும் இடம். கோப்பை வென்றவருக்குக் கோப்பை இருக்கிறது. சாதனை ஓட்டம் ஓடியவருக்குக் காலணி இருக்கிறது. 244 ஆட்டங்கள் விடாமல் வந்ததை எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது? இதை அருங்காட்சியகத்தின் குறை என்று சொல்ல மாட்டேன். இந்த மனிதரின் வாழ்க்கை அப்படிப்பட்டது.

ஓய்வுக்குப் பிந்திய பகுதியும் அப்படித்தான். ஆடிக்கொண்டிருந்தபோதே, 1994-இல், திரைப்பட இயக்குநர் பால் கரியோடு சேர்ந்து ரீச் என்ற அமைப்பை அவர் தொடங்கினார். பதின்வயதினரைக் குழுக்களாக உட்காரவைத்து, வீட்டிலும் பள்ளியிலும் சொல்ல முடியாதவற்றைப் பேசவைக்கும் அமைப்பு அது. விக்டோரியாவின் பல பள்ளி மாணவர்கள் ஸ்டைன்ஸை முதலில் அறிந்தது பந்தாட்டக்காரராக அன்று, இந்தப் பட்டறைகளின் வழியாகவே. 2008-இல் அவருடைய பழைய கழகம் பல லட்சம் டாலர் கடனில் மூழ்கியிருந்தபோது தலைவர் பொறுப்பை ஏற்றார். 2009-இல், எம்.சி.ஜி.யை நிர்வகிக்கும் மெல்பர்ன் கிரிக்கெட் கழகத்தோடு மீண்டும் இணைப்பு ஏற்பட்டது. 2010 ஆகஸ்டில் கடன் முழுவதும் தீர்ந்தது. இதற்கிடையே 2009 ஜூலையில் தமக்குப் புற்றுநோய் வந்திருப்பதை அவரே செய்தியாளர்களிடம் அறிவித்தார். நோய் மூளைக்குப் பரவி, அறுவைச் சிகிச்சைகள் நடந்துகொண்டிருந்த காலத்திலும் பொறுப்பை விடவில்லை. 2012 தொடக்கத்தில்தான் விலகினார். அந்த ஆண்டு மார்ச் 20-ஆம் நாள், 45 வயதில் காலமானார். ஃபிளிண்டர்ஸ் தெருவிலுள்ள புனித பவுல் பேராலயத்தில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது.

அவர் தலைவராக இருந்த 2009-ஆம் ஆண்டில் கழகம் தேர்ந்தெடுத்த இளைஞர்களில் ஒருவர் மேக்ஸ் கான். அவரும் ரக்மேன்தான், ஸ்டைன்ஸ் அணிந்த 11-ஆம் எண் பின்னர் அவருக்கு வந்தது. 2021-இல் கான் தலைமையில் மெல்பர்ன் கழகம் 57 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பையை வென்றது. பெருந்தொற்றுக் காலமாதலால் அந்த இறுதிப் போட்டி எம்.சி.ஜி.யில் நடக்கவில்லை, நாட்டின் மறுகோடியில், பெர்த்தில் நடந்தது. நூற்றுக்கணக்கான ஆட்டங்களை அந்தக் கழகம் ஆடிய சொந்த மைதானம் அன்று பூட்டிக் கிடந்தது. சுற்றுலா வழிகாட்டிகளிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மெல்பர்ன் ரசிகராக ஒருவர் வாய்த்துவிட்டால், அடுத்த பத்து நிமிடங்களுக்கு உங்கள் குழு நகராது.

செல்ல விரும்புவோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். சுற்றுலாவும் அருங்காட்சியகமும் சேர்ந்த சீட்டு தனித்தனியே வாங்குவதைவிட ஆதாயமானது. அதை மைதானத்தின் இணையதளத்திலேயே நேரடியாக வாங்குங்கள். இடைத்தரகு நிறுவனம் ஒன்றிடம் வாங்கிய உறவினர்கள் சிலர், போட்டி நாளில் சுற்றுலா நடக்காது என்பதை யாரும் சொல்லாததால் வாசலோடு திரும்பிவந்தார்கள்; பணம் திரும்பக் கிடைக்க அவர்கள் எழுதிய மின்னஞ்சல்களை இங்கே விவரித்தால் கட்டுரை நீண்டுவிடும். ஜூன், ஜூலை மாதங்களில் பூங்காவில் வீசும் காற்று எலும்பைத் துளைக்கும் என்பதால், சிலைப் பாதைக்கு நண்பகலைத் தேர்ந்தெடுங்கள். நடக்க இயலாத முதியவர்கள் உடன் இருந்தால் முன்பதிவின்போதே தெரிவியுங்கள்; உள்ளே ஏற்ற இறக்கங்கள் அதிகம். கிரிக்கெட்டுக்காக மட்டும் செல்பவருக்கு நான் சொன்னவற்றில் பாதி தேவையில்லை. அவர் அருங்காட்சியகத்திலேயே நிறைவடைந்துவிடுவார்.

கால்பந்துக்காகச் செல்பவர், முடிந்தால், அதே வாரத்தில் மெல்பர்ன் அணி எம்.சி.ஜி.யில் ஆடும் ஓர் ஆட்டத்துக்கும் சீட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். பெரிய அணிகள் மோதாத சாதாரண ஆட்டமென்றால் இடம் தாராளமாகக் கிடைக்கும். கோல் கம்பங்களுக்குப் பின்னால் உட்காராமல் பக்கவாட்டில், சற்று உயரமான வரிசையில் உட்காருங்கள். பந்தின் பின்னால் கண்ணை ஓடவிடாமல், முதல் கால் பகுதி முழுவதும் ரக்மேனை மட்டும் கவனியுங்கள்.